ஊரே நோயாளியாக இருக்கும்போது: சமுதாய நல மதிப்பீட்டை சிமுலேஷனில் கற்றுக்கொடுப்பது எப்படி?

நர்சிங் கல்லூரியில், நிஜத்தைப் போலப் பாவனை செய்து பழகும் சிமுலேஷன் லேப் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது கட்டிலில் படுத்திருக்கும் பொம்மைதான். அதன் மார்பு ஏறி இறங்கும், மணிக்கட்டில் நாடி துடிக்கும். ஊசியைத் தப்பாகப் போட்டாலும் யாருக்கும் வலிக்காது. இதுவரை புரிகிறது. ஆனால் சமுதாய நலச் செவிலியப் பாடத்தையும் சிமுலேஷனில் நடத்துகிறார்கள் என்றால், பெற்றோர் மட்டுமல்ல, வார்டில் பல வருடம் வேலை பார்த்த செவிலியர்களே குழம்பிப்போகிறார்கள். ஒரு கிராமத்தை எப்படி லேப்புக்குள் கொண்டுவர முடியும்? பிள்ளைகளைக் கிராமத்துக்கு அனுப்பாமல் தப்பிக்க இது ஒரு வழியா?

இரண்டுமே நியாயமான கேள்விகள். கிராமத்துக்குப் போக வேண்டிய நாட்களை வெட்டுவதற்காக சிமுலேஷனைக் கொண்டுவந்தால் அது மாணவர்களுக்கும் ஊருக்கும் செய்யும் துரோகம். ஊருக்குள் கால் வைப்பதற்கு முன் கண்ணையும் காதையும் பழக்குவதற்காகக் கொண்டுவந்தால், இந்தப் பாடத்தில் இவ்வளவு நாள் இருந்த பெரிய ஓட்டையை அது அடைக்கும். எப்படி என்று பார்க்கலாம்.

ஊரை மதிப்பிடுவது என்றால் என்ன

வார்டில் செவிலியருக்கு முன்னால் ஒரு ஆள் இருக்கிறார். ரத்த அழுத்தம், சர்க்கரை, காய்ச்சல் என்று அளந்து பார்த்து, அவருக்கு என்ன தேவை என்று முடிவுசெய்யலாம். சமுதாய நலத்தில் நோயாளியின் இடத்தில் ஊர் இருக்கிறது. ஊருக்கு நாடி பிடிக்க முடியாது. அதன் நிலைமையைப் பல இடங்களிலிருந்து துண்டு துண்டாகச் சேகரித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்: தெருவில் நடந்து கண்ணால் பார்ப்பது, ஊரை நன்றாக அறிந்தவர்களிடம் பேசுவது, வீடு வீடாகக் கணக்கெடுப்பது, ஏற்கெனவே இருக்கும் பதிவேடுகளையும் அரசுப் புள்ளிவிவரங்களையும் படிப்பது.

எதை எல்லாம் பார்க்க வேண்டும் என்பதற்கு உலகம் முழுக்கப் பாடப்புத்தகங்களில் வரும் ஒரு சட்டகம் உண்டு. மக்களை நடுவில் வைத்து, சுற்றிலும் எட்டு கூறுகளை வரைகிறார்கள்: இயற்கைச் சூழலும் கட்டடங்களும், கல்வி, பாதுகாப்பும் போக்குவரத்தும், அரசியலும் நிர்வாகமும், சுகாதார சமூக சேவைகள், தகவல் தொடர்பு, பொருளாதாரம், பொழுதுபோக்கு. அமெரிக்க செவிலியக் கோட்பாட்டாளர் பெட்டி நியூமனின் சிந்தனையிலிருந்து வளர்ந்த சட்டகம் இது. எட்டில் ஒன்றே ஒன்றுதான் நேரடியாக சுகாதாரத் துறை சார்ந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். பஸ் எத்தனை மணிக்கு வருகிறது என்பதும் சுகாதாரத் தகவல்தான். கர்ப்பிணி பரிசோதனைக்குப் போவாரா இல்லையா என்பதை அந்த பஸ் முடிவுசெய்யும்.

சேகரித்ததை வைத்து மாணவர் கடைசியில் ஒரு வாக்கியம் எழுத வேண்டும்: யாருக்கு, எந்த அபாயம், என்ன காரணத்தால், என்ன ஆதாரம். இதைத்தான் சமுதாய நோயறிதல் என்கிறார்கள். பயிற்சியில் மிகக் கடினமான இடம் இந்த ஒரு வாக்கியம்தான். படிவம் நிரப்பப் பழகிய மாணவர்கள் பலர் இந்த இடத்தில் வந்து நின்றுவிடுகிறார்கள்.

பொம்மையிலிருந்து ஊருக்கு

நர்சிங்கில் சிமுலேஷன் புதிது அல்ல. அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு மருத்துவமனையில் 1911லேயே ‘மிஸஸ் சேஸ்’ என்ற ஆளுயரப் பொம்மையை வைத்து மாணவிகள் பழகினார்கள். 1960களின் தொடக்கத்தில் ஹோவர்ட் பாரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர் இன்னொரு வழியைக் கொண்டுவந்தார்: பயிற்சி கொடுத்த ஒருவரை நோயாளியாக நடிக்க வைப்பது. சமுதாய நலத்துக்குப் பொம்மையைவிட இந்த இரண்டாவது வழிதான் பொருந்தும், ஏனென்றால் ஊர் என்பது பேசும் ஆட்கள்.

இதையே பெரிதாக்கியது அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் உருவான வறுமை சிமுலேஷன். பங்கேற்பவர்கள் குடும்பங்களாகப் பிரிந்து ஒரு மாத வாழ்க்கையை நடத்த வேண்டும். ஒரு வாரம் என்பது பதினைந்து நிமிடம். அதற்குள் வேலைக்குப் போக வேண்டும், வாடகை கட்ட வேண்டும், அரசு அலுவலக வரிசையில் நிற்க வேண்டும், பிள்ளையைப் பள்ளியில் விட வேண்டும். அந்த நாட்டில் பல நர்சிங் கல்லூரிகள் இதை நடத்துகின்றன. ‘மாத்திரையை ஏன் ஒழுங்காக வாங்கிச் சாப்பிடவில்லை’ என்று நோயாளியைக் கேட்கும் முன் யோசிக்கும் பழக்கம் வர வேண்டும் என்பது அதன் நோக்கம்.

இந்தியாவில் செவிலியக் கவுன்சில் 2021இல் அறிவித்த புதிய பி.எஸ்சி. நர்சிங் பாடத்திட்டம் எட்டு செமஸ்டர் கொண்டது. சமுதாய நலச் செவிலியம் அதில் ஐந்தாவது, ஏழாவது செமஸ்டர்களில் வருகிறது. திறன் ஆய்வகமும் சிமுலேஷனும் அந்தப் பாடத்திட்டத்தில் கற்பித்தல் முறைகளாகவே இடம்பெற்றுவிட்டன. ஆனால் லேப்பில் பெரும்பாலும் நடப்பது, வீடுகளுக்குக் கொண்டுபோகும் பையைக் கையாளும் ‘பை நுட்பம்’ போன்ற கைவேலைகள்தான்: செய்தித்தாளை விரித்து அதன்மேல் பையை வைப்பது, பையைத் திறக்கும் முன் கை கழுவுவது, பயன்படுத்திய பொருளைச் சுத்தம் செய்த பிறகே உள்ளே வைப்பது. இவை அவசியம்தான், மறுக்கவில்லை. ஆனால் இவை வீட்டு விஜயத்துக்கான ஒழுங்கு. ஊரைப் படிக்கும் திறமை வேறு.

லேப்பில் ஊர் எப்படி உருவாகிறது

ஒரு கற்பனைக் கிராமத்தை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 240 வீடுகள். ஊர்த் தெருக்களில் 180, ஊருக்குத் தெற்கே தள்ளி இருக்கும் காலனியில் 60. மழைக்காலம், சுற்றுவட்டாரத்தில் டெங்கு. மாணவர்கள் ஐந்து பேர் கொண்ட குழு.

1. முன்னுரை. இன்று எதைக் கற்கப் போகிறோம், எவ்வளவு நேரம், எது நிஜம், எது பாவனை என்று ஆசிரியர் தெளிவாகச் சொல்கிறார். இங்கே தவறு செய்யலாம், மதிப்பெண் குறையாது என்றும் சொல்ல வேண்டும். இந்த உறுதி இல்லாவிட்டால் மாணவர்கள் நடிக்கத்தான் செய்வார்கள், கற்க மாட்டார்கள்.

2. காகிதங்கள். ஊர் வரைபடம், கிராம சுகாதார செவிலியரின் பதிவேட்டில் ஒரு பக்கம், அங்கன்வாடியின் எடைப் பதிவு, மேல்நிலைத் தொட்டியில் குளோரின் கலந்த தேதிகள், தெருக்களின் புகைப்படங்கள். பதிவேட்டில் கடந்த இரண்டு வாரத்தில் காய்ச்சல் என்று ஒரே ஒரு பெயர்தான் இருக்கிறது.

3. ஆட்கள். ஊராட்சித் தலைவர், டேங்க் ஆபரேட்டர், அங்கன்வாடிப் பணியாளர், காலனியில் ஒரு பாட்டி. சீனியர் மாணவர்களோ ஆசிரியர்களோ இவர்களாக நடிக்கலாம். ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர் ஒருவரை அழைத்து உட்கார வைத்தால் அதற்கு ஈடே இல்லை.

4. நடமாட்டம். யாரிடம் எவ்வளவு நேரம் பேசுவது, எந்தத் தெருவின் படங்களைக் கேட்டு வாங்குவது என்பதைக் குழுவே முடிவுசெய்கிறது. நேரம் போதாது. போதக் கூடாது என்றுதான் அப்படி வைக்கிறார்கள்.

5. பின்னுரையாடல். எல்லாம் முடிந்தபின் உட்கார்ந்து பேசி அலசுவது. இதற்குத் தனியாக வருகிறேன்.

இந்த ஆட்களாக நடிப்பவர்களுக்குக் கொடுக்கும் குறிப்பு அட்டைகளில்தான் இந்தக் கலை இருக்கிறது. நல்ல அட்டையில் மூன்று அடுக்கு இருக்கும்: தானாகச் சொல்வது, கேட்டால் சொல்வது, மரியாதையாக உட்கார்ந்து கேட்டால் மட்டும் சொல்வது. பாட்டியின் அட்டையைப் பாருங்கள். தானாகச் சொல்வது மூட்டு வலி. தண்ணீரைப் பற்றிக் கேட்டால், “நாலு நாளைக்கு ஒருக்காத்தான் வருது, டிரம்முல பிடிச்சு வெச்சுக்குவோம்” என்பார். படிவத்தை மடித்து வைத்துவிட்டு, “வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா பாட்டி?” என்று கேட்கிற மாணவிக்கு மட்டும் மூன்றாவது அடுக்கு திறக்கும்: பேரனுக்கு ஐந்து நாளாகக் காய்ச்சல், மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்தார்கள், பக்கத்து வீட்டிலும் அப்படித்தான்.

அதாவது பதிவேட்டில் ஒரு காய்ச்சல், தெருவில் அதற்கு மேல். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வராத நோய் பதிவேட்டுக்கும் வராது. பாடப்புத்தகத்தில் ஒரு பத்தியாகப் படித்து மறந்துபோகும் விஷயம் இது. பாட்டியிடமிருந்து கேட்ட மாணவிக்கு மறக்காது.

சராசரி மறைப்பது

அடுத்து கணக்கு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு நல்ல தண்ணீர் தேங்கும் டிரம், தொட்டி, டயர் இவற்றில் முட்டையிடும். ஆய்வு செய்த வீடுகளில் எத்தனை சதவீத வீடுகளில் கொசுப்புழு இருக்கிறது என்பதை வீட்டுக் குறியீடு என்கிறார்கள். 100 வீட்டுக்குப் புழு உள்ள பாத்திரங்கள் எத்தனை என்பது பிரெட்டோ குறியீடு.

நம் கற்பனை ஊரில் 18 வீடுகளில் புழு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 240இல் 18, அதாவது 7.5 சதவீதம். குழு இதை எழுதிவிட்டு நகரப் பார்க்கும். தெரு தெருவாகப் பிரிக்கச் சொல்லுங்கள். ஊர்த் தெருக்களில் 180 வீட்டில் 3, அதாவது 2 சதவீதம்கூட இல்லை. காலனியில் 60 வீட்டில் 15, அதாவது 25 சதவீதம். 7.5 என்ற எண் இரண்டு இடத்துக்குமே பொருந்தாத எண்.

ஊராட்சித் தலைவர், “எங்க ஊர்ல தண்ணிப் பிரச்சினையே கிடையாதுங்க” என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய தெருவில் தினமும் தண்ணீர் வருகிறது. காலனிக்கு நாலு நாளைக்கு ஒருமுறை. தமிழ்நாட்டில் ஊரும் காலனியும் எப்படிப் பிரிந்தன என்பது மாணவர்களுக்குத் தெரியாத வரலாறு அல்ல. ஆனால் அந்தப் பிரிவு கொசுப்புழுவின் எண்ணிக்கையாகவும் தெரியும் என்பதைப் பலர் முதல்முறையாக இங்கேதான் காண்கிறார்கள். இப்போது அவர்கள் எழுதும் வாக்கியமும் மாறுகிறது. ‘மக்களிடம் விழிப்புணர்வு இல்லை’ என்ற வழக்கமான வரி போய், ‘காலனியின் 60 வீடுகளில் டெங்கு பரவும் அபாயம், நாலு நாளைக்கு ஒருமுறை வரும் தண்ணீரைச் சேமிக்க வேண்டியிருப்பது காரணம், 15 வீடுகளில் புழு, பதிவேட்டில் வராத காய்ச்சல்கள் ஆதாரம்’ என்று வருகிறது.

காரணத்தை மாற்றி எழுதினால் பரிந்துரையும் மாறும். டிரம்மை மூடுங்கள், வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவுங்கள் என்று சொல்வது சரிதான். முட்டை டிரம்மின் பக்கச் சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் தாங்கும் என்பதால் தேய்க்கத்தான் வேண்டும். ஆனால் நாலு நாள் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கழுவு என்று ஒரு குடும்பத்திடம் எந்த முகத்தோடு சொல்வது? குழாயில் தண்ணீர் வரும் இடைவெளியைக் குறைக்க ஊராட்சியிடம் பேசுவதும் செவிலியரின் வேலை என்று ஆகிறது.

இதே பயிற்சியில் இன்னொரு பொறியும் வைக்கலாம். தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்றுப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இந்தத் தாளைக் கொடுத்தால் ‘இந்தக் கிராமத்தில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை’ என்று எழுதும் குழு இருக்கும். அந்த ஆய்வு மாநிலத்துக்கும் மாவட்டத்துக்கும் எண் தரும், ஒரு கிராமத்துக்குத் தராது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முழுமையாக நடந்து முடிந்தது கடைசியாக 2011இல். 2021 கணக்கெடுப்பு தள்ளிப்போனது. 2011இன் எண்களை இன்றைய ஊர் என்று நினைப்பதும் இதே வகைத் தவறு.

பின்னுரையாடல்: கற்றல் நடக்கும் இடம்

சிமுலேஷன் ஆராய்ச்சியாளர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். நடிப்பு முடிந்தபின் உட்கார்ந்து பேசும் நேரம் நடித்த நேரத்தைவிடக் குறைவாக இருக்கக் கூடாது. முடிந்தால் இரு மடங்கு வேண்டும். முதலில் மனதில் இருப்பதைக் கொட்டவிட வேண்டும். அப்புறம் என்ன நடந்தது, ஏன் அப்படி நடந்தது என்று அலச வேண்டும். கடைசியில், ஊருக்குப் போகும்போது எதை மாற்றிச் செய்வோம் என்று மாணவர்களே சொல்ல வேண்டும்.

ஆசிரியர் கேட்கும் விதம் முக்கியம். “ஏன் காலனிக்கு ஒழுங்காகப் போகவில்லை?” என்றால் மாணவர்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள். “தலைவரிடம் இருபது நிமிடம் பேசினீர்கள், பாட்டியிடம் நாலு நிமிடம். காலனியின் படம் பாதி அப்படியே மேஜையில் கிடந்தது. எனக்கு அது கவலையாக இருந்தது. அப்போது உங்கள் மனதில் என்ன ஓடியது?” என்று கேட்டால் பதில் வரும். ‘தலைவர்தான் எல்லாம் தெரிந்தவர் என்று நினைத்தோம்’ என்று ஒருவர் சொல்வார். ‘பாட்டி மூட்டு வலியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார், நேரம் வீணாகிறது என்று தோன்றியது’ என்பார் இன்னொருவர். இந்த வாய்ப்பு நிஜக் கிராமத்தில் கிடைப்பதில்லை. அங்கே ஐந்து மாணவர் ஐந்து வீட்டில் இருப்பார்கள். யார் எங்கே எவ்வளவு நேரம் நின்றார்கள் என்று ஒரு ஆசிரியர் பார்க்கவே முடியாது.

நேராக ஊருக்கே அனுப்பினால் என்ன?

பலர் கேட்பது இது. எனக்கும் ஊர் அனுபவத்தின் மேல்தான் நம்பிக்கை அதிகம். ஆனால் கல்லூரிகளின் களப் பயிற்சிக் கிராமங்களில் நடப்பதைப் பார்க்க வேண்டும். வருடா வருடம் ஒரு புது பேட்ச் வருகிறது, அதே படிவம், அதே வருமானக் கேள்வி, பிரஷர் பார்க்கிறார்கள், போய்விடுகிறார்கள். “போன வருசமும் வந்து எழுதிட்டுப் போனீங்க” என்று ஒரு அம்மா சொன்னால் அதற்குப் பதில் கிடையாது. பழகாத கையின் தடுமாற்றத்தை எல்லாம் அந்த மக்கள்மேல் செலுத்துவது நியாயம் இல்லை. கேள்வி கேட்கத் தெரியாத ஆரம்ப நாட்களை லேப்பில் கழித்துவிட்டு, கேட்கத் தெரிந்தபின் ஊருக்குப் போவது ஊருக்குக் காட்டும் மரியாதை.

இன்னொன்று, போஸ்டிங்கில், அதாவது களப் பயிற்சிக்கு அனுப்பும் நாட்களில், என்ன கிடைக்கும் என்பது அதிர்ஷ்டம். ஒரு பேட்ச்சுக்குக் காய்ச்சல் பரவும் நேரம், இன்னொரு பேட்ச்சுக்கு ஒன்றும் நடக்காத மாதம். வெள்ளம், வயிற்றுப்போக்குப் பரவல் போன்றவற்றை வேண்டும்போது வரவழைக்க முடியாது. லேப்பில் முடியும்.

‘பாதி வரை மாற்றலாம்’ என்ற ஆய்வு

சிமுலேஷனுக்கு ஆதரவாக எப்போதும் காட்டப்படுவது அமெரிக்க மாநில செவிலிய வாரியங்களின் தேசியக் கவுன்சில் 2014இல் வெளியிட்ட ஆய்வு. பத்து நர்சிங் கல்லூரி மாணவர்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள்: வழக்கமான களப்பயிற்சி, அதில் 25 சதவீதம் சிமுலேஷன், 50 சதவீதம் சிமுலேஷன். படிப்பு முடியும்போது அறிவிலும் திறமையிலும் உரிமத் தேர்வுத் தேர்ச்சியிலும் மூன்று குழுக்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

‘பாதியை லேப்பிலேயே முடித்துவிடலாம்’ என்று இதைச் சுருக்கிச் சொல்பவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். அந்தக் கல்லூரிகளில் சிமுலேஷன் நடத்தியவர்கள் அதற்கென்றே பயிற்சி பெற்றவர்கள். பின்னுரையாடல் ஒரு முறைப்படி நடந்தது. கருவிகளும் ஆட்களும் இருந்தன. நிபந்தனையை விட்டுவிட்டுச் சதவீதத்தை மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது. தவிர, அந்த ஆய்வு நர்சிங் படிப்பு முழுவதையும் பற்றியது. ஒரு இந்தியக் கிராமத்தின் நிலைமையை மாணவர் சரியாகக் கணிக்கிறாரா என்பதற்கான விடை அதில் இல்லை.

எங்கே சறுக்கும்

லேப்பில் இருக்கும் ஊர் அட்டையில் எழுதியதை மட்டும்தான் பேசும். அட்டையை எழுதியவருக்குத் தெரியாதது மாணவருக்கும் தெரியாது. நகரத்தில் வளர்ந்த ஆசிரியர் கிராமத்து ஆட்களைப் படிப்பறிவில்லாதவர், மூடநம்பிக்கைக்காரர் என்று எழுதிவைத்தால், ஊருக்குப் போகும் முன்பே மாணவர்கள் மனதில் அந்தப் படம் ஒட்டிக்கொள்ளும். இதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. அட்டையை எழுதும்போது அந்தப் பகுதியின் கிராம சுகாதார செவிலியரும், அந்தத் தெருக்காரர் ஒருவரும் கூட இருக்க வேண்டும்.

லேப்பில் எல்லோரும் வீட்டில் இருக்கிறார்கள். நிஜ ஊரில் காலை பதினொரு மணிக்குப் போனால் வயதானவர்களும் குழந்தைகளும்தான் இருப்பார்கள். மற்றவர்கள் வயலிலோ கம்பெனி பஸ்ஸிலோ. அந்த நேரத்தில் எடுத்த சர்வே பாதி ஊரைத்தான் காட்டும். பூட்டிய வீடுகளையும், “இப்ப நேரமில்லைம்மா” என்று கதவைச் சாத்தும் ஒருவரையும் பயிற்சியில் சேர்ப்பது எளிது. பெரும்பாலும் சேர்ப்பதில்லை.

பணம் ஒரு தடை என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. லட்சக்கணக்கில் விலையுள்ள பொம்மை வார்டுப் பயிற்சிக்கு வேண்டும். இதற்கு வேண்டியது காகிதம், ஆட்கள், நன்றாக எழுதிய அட்டைகள், பின்னுரையாடல் நடத்தத் தெரிந்த ஆசிரியர். கடைசியாகச் சொன்னதில்தான் உண்மையான பஞ்சம்.

லேப் முடிந்தபின்

ஒரு கல்லூரி இதைச் சரியாக நடத்துகிறதா என்று தெரிந்துகொள்ள மாணவரோ பெற்றோரோ கேட்க வேண்டியவை மூன்று:

1. சிமுலேஷனுக்குப் பிறகு அதே குழு நிஜ ஊருக்குப் போகிறதா? போகும் முன் பதிவேடுகளை மட்டும் படித்து ஒரு கணிப்பு எழுதி, திரும்பி வந்ததும் அதோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்களா?

2. பின்னுரையாடலுக்குக் கால அட்டவணையில் தனி நேரம் இருக்கிறதா, அல்லது மணி அடித்ததும் கலைந்துவிடுகிறார்களா?

3. மாணவர்கள் கண்டுபிடித்தது ஊருக்குத் திரும்பிப் போகிறதா?

மூன்றாவதை லேப்பிலேயே பழக்கலாம். பயிற்சியின் கடைசிப் பகுதியாக ஒரு கிராம சபையை வைத்து, தண்ணீர் இடைவெளியைப் பற்றி ஐந்து நிமிடத்தில், யாரையும் குற்றவாளியாக்காமல், தலைவர் முன்னாலும் பாட்டி முன்னாலும் பேசச் சொல்லலாம். தமிழ்நாட்டில் கிராம சபைக்கு வருடத்தில் ஆறு நாட்கள் உண்டு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. போஸ்டிங் தேதியை இவற்றில் ஒன்றை ஒட்டி அமைத்தால், அந்தப் பகுதி கிராம சுகாதார செவிலியரின் துணையோடு மாணவர்கள் தங்கள் ஒரு பக்க அறிக்கையை அங்கேயே படிக்க முடியும். அக்டோபர் 2 மழைக்கு முன்னால் வருகிறது. டெங்குவைப் பற்றிப் பேச அதைவிடப் பொருத்தமான நாள் இல்லை.